மையர் எந்த ஊர்?

ஸ்டுட்கார்ட்டில் வேலை பார்க்கும் என் அக்கா மகன் மூன்று வார லீவில் வந்திருந்தான். சாயங்காலம் வழக்கமான கடையில் இரண்டு டீ சொல்லிவிட்டு பெஞ்சில் உட்கார்ந்ததும், வடை வைத்துக் கொடுத்த தாளை விரித்து, எண்ணெய் படாத ஓரமாகப் பார்த்து நாலு பெயர்களைப் பேனாவால் எழுதிக் காட்டினான்.

“மாமா, எங்க டீம்ல இந்த நாலு பேரையும் ‘மையர்’னுதான் கூப்பிடுறோம். ஆனா ஒருத்தர் பேர்ல நடுவுல இ-ஒய். இன்னொருத்தருக்கு இ-ஐ. மூணாவது ஆளுக்கு ஏ-ஐ. நாலாவது ஆளு ஏ-ஒய், அதுவும் கடைசி இ-யை முழுங்கிட்டு. போன மாசம் ஏ-ஐ காரருக்கு இ-ஒய்னு போட்டு மெயில் அனுப்பிட்டேன். ‘நான் ஏ-ஐ மையர்’னு ஒரே வரியில பதில். கோபமா தமாஷான்னு இன்னும் புரியல. இவங்க நாலு பேரும் பங்காளிங்களா?”

பங்காளிகளாக இருக்க வாய்ப்பு குறைவு. ஆனால் நாலு எழுத்துக்கும் நாலு ஊர் உண்டு. டீ வருவதற்குள் சொல்லி முடிக்கிற கதை இல்லை என்றேன். அவனுக்கும் அவசரம் இல்லை.

தமிழில் எழுதும்போது இந்தச் சிக்கலே காணாமல் போய்விடுகிறது. காதில் விழுவதை எழுதுகிறோம். நாலு பேரும் ‘மையர்’ ஆகிவிடுகிறார்கள். ஆங்கிலம் வழியாக வந்தால் ‘மேயர்’. இந்த இரண்டாவது உச்சரிப்பைக் கேட்டுவிட்டு, இவர்கள் வம்சமே நகராட்சித் தலைவர்களோ என்று சிரிப்பவர்கள் உண்டு. சிரிப்பில் பாதி உண்மை இருக்கிறது. லத்தீனில் ‘மையோர்’ என்றால் பெரியது, பெரியவர். அந்த ஒரு சொல் பல வாசல் வழியாக நம் ஊருக்கும் வந்திருக்கிறது. 1688இல் சென்னை மாநகராட்சி தொடங்கியபோது நத்தானியேல் ஹிக்கின்சன் ஏற்ற ‘மேயர்’ பதவி ஒரு வாசல். பட்டாளத்து ‘மேஜர்’ இன்னொன்று. ‘பொண்ணு மேஜர், அவ இஷ்டம்’ என்று போலீஸ் ஸ்டேஷனில் சொல்கிறார்களே, அந்த மேஜரும் அதுதான். புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் 2014 மழையில் இடிந்து, பிறகு பழைய தோற்றத்திலேயே எழும்பிய ‘மேரி’ கட்டடம் இருக்கிறதே, அதற்கும் மேரி மாதாவுக்கும் சம்பந்தமில்லை. பிரெஞ்சில் நகரத் தலைவர் ‘மேர்’; அவர் அலுவலகம் ‘மேரி’. வேர் அதே மையோர்.

ஜெர்மன் மொழிக்குள் நுழைந்த மையோர்தான் ‘மையர்’. வேர் லத்தீன் என்றாலும் குடும்பப் பெயராகத் தழைத்தது ஜெர்மன் மண்ணில்.

அந்தச் சொல் ஒரு காலத்தில் அரண்மனை வரை போயிருக்கிறது. பிராங்கிய அரசர்களான மெரோவிஞ்சியர்களின் அரண்மனையில் வீட்டு நிர்வாகம் பார்த்த தலைமை அதிகாரிக்கு ‘வீட்டுப் பெரியவர்’ என்று லத்தீனில் பெயர். ஜெர்மானியர் இன்றும் வரலாற்றுப் புத்தகங்களில் அவரை ‘ஹவுஸ்மையர்’ என்றே எழுதுகிறார்கள். அரசர்கள் பெயரளவுக்கு அரசர்களாக இருந்தார்கள். கஜானாவும் படையும் ஹவுஸ்மையர் கையில். 732இல் தெற்கிலிருந்து வந்த அரபுப் படையைத் தடுத்த சார்லஸ் மார்டெல் அப்படி ஒரு ஹவுஸ்மையர். அவர் மகன் பிப்பின் 751இல் கடைசி மெரோவிஞ்சிய அரசரின் முடியை மழித்து மடத்துக்கு அனுப்பிவிட்டுத் தானே அரசரானார். பிப்பினின் மகன்தான் பேரரசர் சார்லமேன்.

“அப்ப எங்க டீம் ஆளுங்க ராஜ வம்சமா?”

இல்லை. அவர்கள் பெயர் அரண்மனை மையரிடமிருந்து வந்ததல்ல, கிராமத்து மையரிடமிருந்து வந்தது. அந்தக் காலத்தில் நிலம் அரசருக்கோ பிஷப்புக்கோ மடத்துக்கோ சொந்தம். உடையவர் நூறு மைல் தள்ளி இருப்பார். ஊர் நடுவே அவருக்கென்று ஒரு பெரிய பண்ணைவீடு. சுற்றிலும் குடியானவர்களின் சின்னச் சின்னப் பங்குகள். குடியானவர்கள் தங்கள் பங்கையும் உழ வேண்டும், வாரத்தில் சில நாள் பண்ணை நிலத்திலும் உழ வேண்டும். தானியம், கோழி, முட்டை, பன்றி என்று அளக்கவும் வேண்டும். இதையெல்லாம் மேற்பார்த்து, அளந்து வாங்கி, சில்லறை வழக்குகளைத் தீர்த்து, உடையவருக்குக் கணக்கு காட்டியவர்தான் மையர். நம் பக்கத்து மணியக்காரரையும் பண்ணைக் காரியஸ்தரையும் ஒரே ஆளாகச் சேர்த்துப் பார்த்தால் கிட்டத்தட்ட வந்துவிடும். கொங்குப் பக்கம் ‘பெரியதனக்காரர்’ என்பார்கள்; சொல்லின் பொருளிலேயே மையருக்கு ஒன்றுவிட்ட அண்ணன்.

சார்லமேன் காலத்தில், 800ஐ ஒட்டி, அரச பண்ணைகளை நடத்துவது பற்றி ஒரு நீண்ட உத்தரவு எழுதப்பட்டது. மூலிகைத் தோட்டத்தில் என்னென்ன செடி வைக்க வேண்டும் என்பது வரை அதில் உண்டு. மையர்களைப் பற்றி அதில் இருக்கும் இரண்டு விதிகள் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒரு மையருக்கு, ஒரே நாளில் சுற்றிப் பார்த்துவர முடிகிற அளவுக்கு மேல் நிலம் ஒப்படைக்கக் கூடாது. அப்புறம், ஊரில் செல்வாக்கான ஆட்களை மையர் ஆக்கக் கூடாது. நடுத்தரமான, விசுவாசமான ஆட்களையே எடுக்க வேண்டும். முதலாவது நிர்வாகம். இரண்டாவது பயம். உத்தரவு எழுதியவருக்கு ஊர்ப் பெரிய மனிதர்களின் குணம் நன்றாகத் தெரிந்திருக்கிறது.

பயந்தது போலவேதான் நடந்தது. சுவிட்சர்லாந்தில் செயின்ட் காலன் என்று ஒரு பெரிய மடம். 11ஆம் நூற்றாண்டில் அங்கே இருந்த எக்கெஹார்ட் என்ற துறவி மடத்தின் பழைய கதைகளை எழுதிவைத்தார். அதில் மையர்களைப் பற்றி ஒரு பொருமல் வருகிறது. அவர்கள் பளபளவென்று தேய்த்த கேடயமும் ஆயுதமும் தூக்கிக்கொண்டு திரிய ஆரம்பித்துவிட்டார்களாம். ஊர்க்காரர்கள் ஊதுகிற மாதிரி இல்லாமல் வேறு ராகத்தில் கொம்பு ஊதப் பழகிக்கொண்டார்களாம். வேட்டை நாய் வளர்த்தார்களாம். முதலில் முயலுக்கு, பிறகு கரடிக்கே. மடத்துக் கோழிமுட்டைக் கணக்கு பார்க்க வைத்த ஆள் கரடி வேட்டைக்குக் கிளம்பினால் துறவிக்குப் பொருமல் வராதா? அந்தக் கொம்பு ஊதுகிற விஷயத்தைப் படிக்கும்போதெல்லாம், ஊருக்குள் தனி ஹாரன் வைத்த புல்லட்டில் வருகிற சில ஆட்கள் என் நினைவுக்கு வருவார்கள்.

டீ வந்தது. மாஸ்டர் இன்றைக்குச் சர்க்கரையைக் கொஞ்சம் தாராளமாகப் போட்டிருந்தார்.

“சரி மாமா, வேலைக்குப் பேரு மையர். அது எப்படிக் குடும்பத்துக்குப் பேராச்சு?”

மையர்கள் பதவியை மகனுக்கு, மகனுடைய மகனுக்கு என்று பிடித்துக்கொள்ளப் பார்த்தார்கள். அளந்த தானியத்தில் எவ்வளவு மடத்துக்குப் போகிறது, எவ்வளவு வழியில் நிற்கிறது என்று உடையவர்களுக்குத் தெரியவில்லை. 12, 13ஆம் நூற்றாண்டுகளில் அவர்கள் இந்த முறையையே மெல்லக் கைவிட்டார்கள். பண்ணை நிலத்தைப் பிரித்தோ மொத்தமாகவோ குத்தகைக்கு விட்டார்கள். வருஷத்துக்கு இவ்வளவு என்று கட்டிவிடு, மீதி உன் பாடு. மேற்பார்வை பார்த்த மையர் இப்போது குத்தகை விவசாயி. அதிகாரம் போனது, பெயர் நின்றது. வடக்கே லோவர் சாக்சனியில் ‘மையர்’ என்பது ஒரு நில அளவுக்கே பெயராகிவிட்டது: முழுப் பண்ணை வைத்திருந்தால் முழு மையர், பாதி என்றால் அரை மையர். இன்னும் வடக்கே போனால் ‘மையரை’ என்ற சொல்லுக்குப் பால் பண்ணை என்று பொருள். பிப்பினைச் சிம்மாசனத்தில் உட்காரவைத்த சொல், ஆயிரம் வருஷத்தில் வெண்ணெய் கடையும் இடத்துக்கு வந்து சேர்ந்தது.

தந்தையிடமிருந்து பிள்ளைக்குப் போகிற குடும்பப் பெயர் ஜெர்மன் நகரங்களில் பரவியது இந்தக் கட்டத்தில்தான். கிராமங்களுக்கு அது இன்னும் தாமதமாகப் போனது. ஒரே ஊரில் பத்து ஹான்ஸ், எட்டு ஹைன்ரிஷ் இருந்தால் எழுத்தர் என்ன செய்வார்? கருமான் ஹான்ஸ், ஆலைக்கார ஹான்ஸ், மையர் ஹான்ஸ் என்று பிரித்து எழுதுவார். ஷ்மித்தும் முல்லரும் மையரும் அங்கே இன்று தெருவுக்குத் தெரு இருப்பதற்குக் காரணம் இதுதான். கருமான் இல்லாத ஊர் இல்லை. மாவு ஆலை இல்லாத ஊர் இல்லை. மேற்கிலும் தெற்கிலும் மையர் இல்லாத ஊரும் அநேகமாக இல்லை. ஒவ்வொரு ஊரிலும் தனித்தனியாகப் பிறந்த பெயர் இது. நம் பக்கம் 1980இல் மணியக்காரர், கர்ணம் பதவிகளை ஒழித்து நாற்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. ‘மணியக்காரர் வீடு எது?’ என்று கேட்டால் இன்னமும் வழி காட்டுகிறார்கள். தமிழகத்து மணியக்காரர் வீடுகள் எல்லாம் ஒரே குடும்பம் என்று யாராவது சொல்வார்களா?

மையர்கள் நிறையப் பேர் ஆனதும், ஒரு மையரை இன்னொரு மையரிடமிருந்து பிரிக்க வேண்டியதாயிற்று. மேட்டு மையர் ஓபர்மையர், தாழ்வில் இருந்தவர் நீடர்மையர். ஓடைக்கரையில் இருந்தால் பாக்மையர். சதுப்பு நிலத்துக்குப் பக்கத்தில் என்றால் பிராக்மையர். புதுசாகப் பண்ணை போட்டவர் வட ஜெர்மன் பேச்சில் நீமையர். பிரேசிலின் தலைநகர் பிரேசிலியாவின் வளைவு வளைவான கட்டடங்களை வரைந்த ஆஸ்கார் நீமையரின் பெயர் அப்படி வந்ததுதான். 2017இலிருந்து ஜெர்மனியின் ஜனாதிபதியாக இருக்கும் ஸ்டைன்மையரின் பெயர் ‘கல்’லையும் மையரையும் ஒட்டியது. ஏதோ ஒரு பாறைக்கோ கல் நிலத்துக்கோ அருகில் இருந்த பண்ணைவீடு என்று வைத்துக்கொள்ளலாம்.

ஸ்டைன்மையர் பிறந்த லிப்பே பகுதியிலும் பக்கத்து வெஸ்ட்ஃபாலியாவிலும் இன்னொரு வழக்கம் இருந்தது. அங்கே பெயர் ஆளுக்குச் சொந்தமில்லை, பண்ணைக்குச் சொந்தம். ஆண் வாரிசு இல்லாத மையர் பண்ணைக்குள் வீட்டோடு மாப்பிள்ளையாக வருபவன், தன் அப்பன் பெயரை வாசலிலேயே விட்டுவிட்டு மையர் ஆகிவிடுவான். அவன் பிள்ளைகளும் மையர். ரத்தம் மாறும், பெயர்ப்பலகை மாறாது. வம்சாவளி தேடுபவர்களுக்கு இது பெரிய தலைவலி. தகப்பன் வழியாகவே தேடிக்கொண்டு போகிறவர் பாதி வழியில் வேறொரு குடும்பத்துக்குள் போய் நிற்பார்.

“எழுத்துக்கு வரவே இல்லையே மாமா” என்று வடைத்தாளைத் தட்டினான்.

எழுத்துக்கு வருவதற்குள் கரி, கறி இரண்டையும் நினைத்துக்கொள். இன்றைக்கு நம்மில் பலர் வாயில் இரண்டும் ஒன்றுதான். எழுத்து மட்டும் பழைய வித்தியாசத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. ஜெர்மனிலும் அப்படி ஒன்று நடந்தது. ‘ஐ’ என்று ஒலிக்கிற பழைய உயிர் ஒன்று இருந்தது. மையர் என்ற சொல்லில் இருப்பது அது. பிற்பாடு, ‘ஈ’ என்று நீண்டு ஒலித்த வேறு சொற்களும் ‘ஐ’ ஆகிவிட்டன. பொது ஜெர்மனில் பழைய ஐ-யும் புது ஐ-யும் கலந்துபோயின. தெற்கே, பவேரியாவிலும் ஸ்வேபியாவிலும், பேச்சில் அவை கலக்கவில்லை. காது பிரித்ததை எழுத்தர் கையும் பிரித்தது: பழையதை ஏ-ஐ என்றும் புதியதை இ-ஐ என்றும் எழுதினார்கள். இன்றைய ஜெர்மனிலும் அதன் மிச்சம் உண்டு. ஒரு முழு ரொட்டிக்கும் உடம்புக்கும் ஒரே உச்சரிப்புதான், ‘லைப்’. ரொட்டிக்கு ஏ-ஐ, உடம்புக்கு இ-ஐ. ‘கைசர்’ என்ற பேரரசர் பட்டத்துக்கும் ஏ-ஐ.

பவேரியக் கிராமத்துப் பேச்சில் பழைய ஐ இன்னும் தள்ளிப் போய் ‘ஓஅ’ ஆகிவிட்டது. மையர் அங்கே ‘மோஅர்’. குளிர்காலத்தில் பனிக்கட்டி மேல் கைப்பிடி வைத்த கனத்த கட்டையை வழுக்கிவிட்டு விளையாடுகிற ஐஸ்ஸ்டாக் ஆட்டத்தில், அணித் தலைவருக்கு இன்னமும் ‘மோஅர்’ என்றுதான் பேர். பதவி போய் எண்ணூறு வருஷம் ஆனாலும், வருஷத்தில் இரண்டு மூன்று மாதமாவது ஒரு மையருக்கு நாலு பேர் கட்டுப்படுகிறார்கள்.

ஐ-க்குப் பதிலாக ஒய் வந்ததற்குப் பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. பழைய எழுத்தர்களுக்கு ஒய் போடுவது அலங்காரம். வால் நீட்டி எழுதினால் பக்கம் பார்க்க அழகாக இருக்கும். பிற்பாடு சாதாரணச் சொற்களிலிருந்து அந்த வாலை நறுக்கிவிட்டார்கள், பெயர்களில் ஒட்டிக்கொண்டது. பவேரியாவின் பெயரிலேயே ஐ இருந்த இடத்தில் ஒய் போடச் சொல்லி 1825இல் மன்னர் முதலாம் லூட்விக் உத்தரவு போட்டார். கிரேக்கத்தின் மேல் அவருக்கு அத்தனை மோகம், ஒய் கிரேக்க எழுத்து. ஆல்ப்ஸ் பக்கத்தில் கடைசி உயிரையும் விழுங்கிப் பேசுவார்கள். அதை அப்படியே எழுதியதால் வந்தவர்தான் உன் நாலாவது ஆள், ஏ-ஒய் போட்டு இ இல்லாதவர்.

இத்தனைக்கும், முந்நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரே ஆளுடைய பெயரையே ஞானஸ்நானப் பதிவில் ஒரு மாதிரி, கல்யாணப் பதிவில் ஒரு மாதிரி, சாவுப் பதிவில் இன்னொரு மாதிரி எழுதியிருப்பார்கள். பாதிரியார் காதில் விழுந்தபடி எழுதினார். யாரும் சண்டைக்குப் போகவில்லை. 1876 ஜனவரி 1ஆம் தேதி ஜெர்மன் பேரரசு முழுக்க அரசுப் பதிவு அலுவலகங்கள் நடைமுறைக்கு வந்தன. பிறப்பு, திருமணம், இறப்பு எல்லாம் அரசாங்க ஏட்டில். அதோடு எழுத்து உறைந்துவிட்டது. உன் ஏ-ஐ காரர் பிடிவாதமாகக் காப்பாற்றுகிறாரே, அந்த எழுத்தைத் தேர்ந்தெடுத்தது அவருடைய முப்பாட்டன் இல்லை. அந்த ஊர் எழுத்தர் கை.

அதனால்தான் மையர்களின் எழுத்து ஊரைக் காட்டிக்கொடுக்கிறது. 2005இல் ஜெர்மனியில் இருந்த வீட்டுத் தொலைபேசி இணைப்புகளின் பட்டியலை வைத்து, ஃப்ரைபர்க், மைன்ஸ் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த மொழியியலாளர்கள் ஏழு தொகுதிகளாகக் குடும்பப் பெயர் வரைபடம் ஒன்றைப் போட்டிருக்கிறார்கள். நல்ல வேளையாக 2005. இன்றைக்கு ஆரம்பித்திருந்தால் லேண்ட்லைனுக்கு எங்கே போவது? இ-ஒய் மையர் வடமேற்கே லோவர் சாக்சனியில் அடர்த்தி. அந்த ஒரு எழுத்து வடிவம் மட்டுமே ஜெர்மனியின் முதல் பத்துப் பெயர்களுக்குள் வந்துவிடும். பிரான்சின் எல்லையில் இருக்கிற அல்சாஸிலும் அது சர்வசாதாரணம். இ-ஐ மையருக்கு லிப்பே, வெஸ்ட்ஃபாலியா ஒரு வீடு, சுவிட்சர்லாந்து இன்னொரு வீடு. ஏ-ஐ மையர் தென்மேற்கே வ்யூர்ட்டம்பெர்க், அதாவது உன் ஸ்டுட்கார்ட்டைச் சுற்றி; பவேரியாவிலும் உண்டு. ஏ-ஒய் மையர் ஸ்வேபியா, பவேரியா, ஆஸ்திரியா. இ இல்லாத மைர் இன்னும் தெற்கே, ஆல்ப்ஸ் அடிவாரம், மேல் ஆஸ்திரியா, டிரோல். ஹாலந்துக்குப் போனால் ஐ-ஜே போட்டு ஆறாவதாக ஒரு மையர்.

சந்தேகமாக இருந்தால் பேர்போன மையர்களை வைத்துச் சோதித்துப் பார். ஆற்றல் அழிவதில்லை என்று 1842இல் எழுதிய மருத்துவர் ராபர்ட் மையர், கப்பல் வைத்தியராக ஜாவாவுக்குப் போனபோது நோயாளிகளின் சிரை ரத்தம் எதிர்பார்த்ததைவிடச் சிவப்பாக இருப்பதைப் பார்த்து யோசிக்கத் தொடங்கியவர். வ்யூர்ட்டம்பெர்க்கின் ஹைல்பிரான் ஊர்க்காரர், ஏ-ஒய். தனிமங்களின் அட்டவணையில் மெண்டலீவுக்கு இணையாக உழைத்த லோதர் மையர் பிறந்தது வடகடல் ஓரத்து வாரெல், இ-ஒய். பிற்பாடு அவர் டூபிங்கனில் பேராசிரியரானார். சுற்றிலும் ஏ-ஐ மையர்கள். வடக்கத்தி எழுத்தோடு அவர் மட்டும் நடுவில். பரிணாம உயிரியலாளர் எர்ன்ஸ்ட் மைர் 1904இல் பிறந்தது ஆல்ப்ஸ் ஓரத்துக் கெம்ப்டன். பெயரில் இ இல்லை. 1974 உலகக் கோப்பையில் மேற்கு ஜெர்மனியின் கோல்கீப்பர் செப் மையர், கீழ்ப் பவேரியா, ஏ-ஐ. நாலுக்கு நாலு.

கிழக்கே போகப் போக மையர்கள் அருகிவிடுவதும் கவனிக்க வேண்டியது. எல்ப் ஆற்றுக்கு அப்பால் ஜெர்மானியர் போய்க் குடியேறியது பெரும்பாலும் 12ஆம் நூற்றாண்டிலும் அதற்குப் பிறகும். மேற்கே பண்ணைமுறை கலைந்துகொண்டிருந்த நேரம் அது. அதனால் புது ஊர்களில் மையர் என்ற ஆளே உருவாகவில்லை. அங்கே ஊர்த் தலைவருக்குப் பெயர் ‘ஷுல்ட்ஸே’. கடனை, கட்ட வேண்டியதைக் கட்டவைப்பவர் என்று பொருள். வடகிழக்கு முழுக்க ஷுல்ட்ஸ், ஷுல்ட்ஸே என்று குடும்பப் பெயர்கள் கொட்டிக் கிடக்கின்றன. வேலை கிட்டத்தட்ட ஒன்று. மேற்கே அது மையர், கிழக்கே ஷுல்ட்ஸ்.

அவன் போனை எடுத்தான். அங்கே மதியம் இரண்டு மணி இருக்கும். டீமின் குரூப்பில் நாலு மையர்களுக்கும் நாலு ஊர் ஊகித்து அனுப்பினான்: இ-ஒய் ஹனோவர் பக்கம், இ-ஐ சுவிஸ் அல்லது லிப்பே, ஏ-ஐ ஸ்டுட்கார்ட்டேதான், இ இல்லாதவர் டிரோல். நான் இன்னொரு டீ சொன்னேன்.

பதில் வருவதற்குள் அவனிடம் ஒன்றைச் சொல்லிவைத்தேன். எல்லா மையரும் பண்ணை மையர் இல்லை. எபிரேயத்தில் ‘மேயிர்’ என்று ஒரு பெயர். ஒளி தருபவர் என்று பொருள். 2ஆம் நூற்றாண்டில் ரபி மேயிர் என்று ஒரு பெரிய அறிஞர் இருந்தார். அவருக்குப் பிறகு தலைமுறை தலைமுறையாக யூதக் குடும்பங்கள் பிள்ளைகளுக்கு அந்தப் பெயரை வைத்தன. ராத்ஸ்சைல்டு வங்கிக் குடும்பத்தைத் தொடங்கியவரின் முதல் பெயரே மேயர். ஆஸ்திரியாவில் 1787இலும் பிரஷ்யாவில் 1812இலும் யூதர்கள் நிலையான குடும்பப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும் என்று அரசாங்கம் சட்டம் போட்டபோது, பலர் தாத்தா பெயரான மேயிரையே பதிந்தார்கள். பதிவேட்டில் அது மையர் ஆனது. ஒலி ஒன்று, எழுத்து ஒன்று, கதை வேறு. பெர்லின் பக்கத்தில் பீர் குடும்பத்தில் பிறந்த ஓபரா இசையமைப்பாளர் ஒருவர் தாய்வழித் தாத்தாவின் மேயரைத் தன் பெயரோடு ஒட்டி மேயர்பீர் ஆனார். சிங்கம் கர்ஜிக்கும் மெட்ரோ கோல்ட்வின் மேயர் கம்பெனியின் மேயரும் யூத மேயர்தான். கோல்டா மேயிர் கதை இன்னும் வேடிக்கை. கணவர் வழியில் மேயர்சன் என்று இருந்தவர், 1956இல் இஸ்ரேலின் வெளியுறவு அமைச்சரானபோது பெயரை எபிரேயமாக மாற்றிக்கொண்டார். ஜெர்மன் வேஷம் போட்டுக்கொண்டிருந்த பெயர் அதோடு வீடு திரும்பியது.

பொதுவான பெயர் என்றால் கிண்டலும் கூடவே வரும். ஜெர்மனில் ஒரு சொல்லோடு மையரை ஒட்டினால் அதைக் கட்டி அழுகிற ஆள் என்று ஆகிவிடும்: சங்கம் சங்கமென்று அலைகிறவர் ‘ஃபெரைன்ஸ்மையர்’, அதிபுத்திசாலி ‘ஷ்லவ்மையர்’. 1855 வாக்கில் இரண்டு நண்பர்கள் பீடர்மையர் என்று ஓர் அப்பாவிக் கிராமத்துக் கவிராயரைக் கற்பனை செய்து, அவர் பெயரில் அசட்டுக் கவிதைகள் எழுதிப் பத்திரிகைக்கு அனுப்பினார்கள். அந்தப் பெயர் 1815 முதல் 1848 வரையான காலத்துக்கும், அதன் நாற்காலி மேஜைகளுக்கும்கூட ஒட்டிக்கொண்டது. நண்பர்களில் ஒருவர் அடால்ஃப் குஸ்மவுல். சர்க்கரை நோய் முற்றியவர்கள் ஆழமாக மூச்சு வாங்குவதை மருத்துவர்கள் ‘குஸ்மவுல் மூச்சு’ என்கிறார்களே, அதே ஆள். ஹெர்மன் கோரிங்கும் இதில் மாட்டியவர். எதிரி விமானம் ஒன்று ரூர் பகுதிக்கு வந்துவிட்டாலும் என்னை மையர் என்று கூப்பிடுங்கள் என்று 1939இல் சவால் விட்டதாகப் பரவலாகச் சொல்வார்கள். குண்டு விழ ஆரம்பித்ததும் ஊர் ஜனம் முதுகுக்குப் பின்னால் அப்படியே கூப்பிட்டது.

போன் அடுத்தடுத்துச் சிணுங்கியது. இ இல்லாதவர் டிரோல், இன்ஸ்ப்ருக் பக்கம், சரி. இ-ஐ காரர் சூரிக், சரி. இ-ஒய் காரர் ஹனோவர் இல்லை, ஸ்ட்ராஸ்பூர்க். “அல்சாஸ் சொன்னேனா இல்லையா?” என்றேன். “சொன்னீங்க, நான்தான் ஹனோவர்னு போட்டேன்” என்று ஒப்புக்கொண்டான்.

ஏ-ஐ காரர்தான் பாக்கி. இரண்டாவது டீயும் முடிந்து, நான் காசு கொடுக்க எழுந்தபோது பதில் வந்தது. கொஞ்சம் நீளமான பதில். அவன் படித்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தான்.

“மாமா, இவர் மையரே இல்ல. ஸ்டுட்கார்ட்டுல பொறந்தவர்தான். ஆனா மையர் அவர் மனைவி வீட்டுப் பேராம். கல்யாணத்தப்ப அவங்க பேரை எடுத்துக்கிட்டாராம்.”

அங்கே 1976இலிருந்து அப்படிச் செய்யச் சட்டத்தில் இடம் உண்டு. தம்பதிகள் இரண்டு பேரில் யார் பெயரை வேண்டுமானாலும் குடும்பப் பெயராக வைத்துக்கொள்ளலாம்.

“மாமனார் கல்யாணத்துக்கு ஒரே ஒரு கண்டிஷன்தான் போட்டாராம். ஏ-ஐ, மறந்துடாதேன்னு. அதனாலதான் எனக்கு அந்த மெயில்.”

“பொறந்த வீட்டுப் பேர் என்னன்னு கேளு.”

தட்டினான். உடனே பதில் வந்தது.

“ஷுல்ட்ஸ். தாத்தா 1945ல பொமரேனியாவுலேர்ந்து கிளம்பி வந்தவராம்.”

வடைத்தாளை எடுத்து, ஏ-ஐ என்று எழுதியிருந்த இடத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ‘ஷுல்ட்ஸ், கிழக்கு’ என்று எழுதிக்கொண்டு, தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தான். பையில் எண்ணெய் ஊறும் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் வண்டியை ஸ்டார்ட் பண்ணிவிட்டான்.